செங்கல்லைத் திருப்பிப் பாருங்கள், அப்பா

டப்ளின்
அக்டோபர் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர் இறங்கிவிட்டது. காலை ஏழரைக்கும் விடியவில்லை. நைட் டியூட்டி முடிந்து டிராமுக்கு நிற்கும்போது கால் விறைத்துப்போகிறது. கம்பளி சாக்ஸ் வாங்கிவிட்டேன், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் ராயல் கால்வாய் ஓடுகிறது என்று எழுதியிருந்தேன் இல்லையா? அதன்மேல் புரூம் பாலம் என்று ஒரு பழைய கல் பாலம். 1843 அக்டோபர் 16 அன்று ஹாமில்டன் என்ற கணித மேதை மனைவியோடு அந்தக் கரையில் நடந்து வந்தபோது, வருடக்கணக்காகப் பிடிபடாத ஒரு கணக்கு சட்டென்று பிடிபட்டிருக்கிறது. கத்தியை எடுத்துப் பாலத்துக் கல்லிலேயே கீறிவிட்டார்! கீறல் அழிந்துபோய்விட்டது, 1958இல் பதித்த கல்வெட்டு இருக்கிறது. வருடாவருடம் அதே நாளில் டன்சிங்க் வானாய்வகத்திலிருந்து பாலம்வரை ஆட்கள் நடக்கிறார்கள். நேற்று நாங்களும் நடந்தோம்.

அவர் தேடியது, மூன்று மூன்றாகச் சேர்ந்த எண்களைப் பெருக்க ஒரு வழி. கூட்ட வந்தது, பெருக்க வரவில்லை. அந்த மாதம் தினமும் காலையில் அவர் பிள்ளைகள், "அப்பா, பெருக்கிவிட்டீர்களா?" என்று கேட்பார்களாம். கடைசியில் பாலத்தடியில்தான், மூன்று போதாது, நான்கு வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அதோடு, முன்பின் மாற்றிப் பெருக்கினால் விடையும் மாறும்.

உங்கள் மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் உருவங்களைத் திருப்ப இந்தக் கணக்கைத்தான் பயன்படுத்துகிறார். "விதி மனிதன் போட்டது, எழுத்தும் அவன் வைத்தது. கணக்கு நாமே உருவாக்கியதுதான்" என்று வழியெல்லாம் வாதாடினார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மனிதன் இஷ்டப்படி செய்வதென்றால் ஹாமில்டன் ஆசைப்பட்ட மூன்று ஏன் கிடைக்கவில்லை? வகுத்தலும் சரியாக வர வேண்டுமென்றால் மூன்றில் முடியவே முடியாது என்று 1877இல் ஃப்ரோபீனியஸ் என்ற கணித அறிஞர் நிரூபித்தே விட்டார். எழுத்து நம்முடையதுதான். "முடியாது" என்று நின்றது எது?

முன்பின் மாற்றினால் விடை மாறும் என்றேனே, அதைச் செங்கல்லிலேயே பார்க்கலாம். ஒரு செங்கல்லை உங்கள் முன்னால் குறுக்கே படுக்க வையுங்கள். உங்கள் பக்கமாகக் கால் சுற்று புரட்டி, பிறகு தரையிலேயே கால் சுற்று திருப்புங்கள். படுத்தேதான் கிடக்கும். மறுபடி பழையபடி வைத்து, முதலில் தரையில் திருப்பி, அப்புறம் உங்கள் பக்கம் அதேபோல் கால் சுற்று புரட்டுங்கள். நெட்டுக்குத்தாக நின்றுவிடும். ஹாமில்டன் பிறப்பதற்கு முன்பும் செங்கல் அப்படித்தானே நின்றிருக்கும்?

இதைச் சொல்லும்போதெல்லாம் நீங்கள் சுவர் கட்டப் பிடிக்கும் நூல்தான் ஞாபகம் வந்தது. மூலைமட்டம் பார்க்க மூன்றடி, நாலடி அளந்தால் குறுக்கே ஐந்தடிதான் வரணும் என்பீர்கள். அரை அங்குலம் கூடினாலும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி நூல் பிடிப்பீர்கள். அடி என்ற அளவு மனிதன் வைத்தது. அந்த ஐந்தை யார் வைத்தது?

மாடி அறைக்கு எப்போது நூல் பிடிக்கிறீர்கள்? தம்பி மகனைக் கூட நிறுத்திக்கொள்ளுங்கள். குறுக்கு நூலை அவனே அளக்கட்டும்.

அன்பு மகள்