கூரைக்கு அடியில் ஒரு வீடு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. வீடு வாங்கிவிட்டேன். புறநகர் சார்செல்லில் இருபத்தாறு வருஷம் வாடகை கொடுத்தது போதும் என்று, பாரிஸுக்குள்ளேயே, பதினெட்டாம் வட்டாரத்தில். மாணிக்க விநாயகர் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். ஈஃபில் கோபுரம் தெரியுமா என்றுதான் நீ முதலில் கேட்பாய். கடைசியில் சொல்கிறேன்.

அளவைச் சொன்னால் சிரிக்காதே. 23.4 சதுர மீட்டர். நம் கணக்கில் 252 சதுர அடி. விலை 2,05,000 யூரோ. உங்கள் வீட்டுக் கூடமே இதைவிடப் பெரிது, தெரியும். பையன் லியோனுக்கு வேலைக்குப் போய்விட்டான். எங்கள் இரண்டு பேருக்கு இது போதும்.

இதில் ஒரு வேடிக்கை. நாடா வைத்துத் தரையை அளந்தால் 27 சதுர மீட்டர் வருகிறது! வீடு கூரைக்கு நேர் கீழே இருக்கிறது. அந்தக் காலத்தில் வேலைக்காரப் பெண்கள் தங்கிய இரண்டு அறைகளை இடித்து ஒன்றாக்கியது. ஒரு பக்கம் கூரை சாய்ந்து இறங்கும். 1996-இல் வந்த கார்ரே சட்டப்படி 1.80 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள இடத்தை அளவில் சேர்க்கக் கூடாது. பத்திரத்தில் எழுதிய அளவில் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால், ஒரு வருஷத்துக்குள் வழக்குப் போட்டு அதற்கான பணத்தைத் திரும்ப வாங்கலாம். சென்னையில் என் தங்கை ஃபிளாட் வாங்கினாளே, ஞாபகம் இருக்கிறதா? மாடிப்படி, லிஃப்ட், நடைவழி எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்து ‘சூப்பர் பில்டப்’ 1,200 அடி என்றார்கள். உள்ளே அளந்தால் 900. இங்கே எங்கள் அரிசி மூட்டை உட்கார்ந்திருக்கும் மூலை ஓசி.

இதற்கு முன் வேறொரு வீடு பார்த்தோம். நல்ல இடம், லிஃப்ட் உண்டு, விலை பாதிதான். விசாரித்தால் ‘வியாஜே’. அதாவது, முன்பணமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, விற்கிற பாட்டி உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். அதுவரை அவர் அங்கேயே இருப்பார். நான் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். கமலா எழுந்துவிட்டாள். “ஒரு கிழவி எப்போ போவாள்னு காத்துக்கிட்டு இருக்கிற வீட்டுல நான் விளக்கேத்த மாட்டேன்” என்றாள். அவள் சொன்னதும் சரிதான். ஆர்ல் ஊரில் ஜான் கல்மான் என்று ஒரு பாட்டி. 1965-இல் அவருக்கு 90 வயது. 47 வயது நொத்தேர் ஒருவர் (சொத்துப் பத்திரங்களை முடித்துக்கொடுக்கும் சட்ட அதிகாரி) இதே முறையில் அவர் வீட்டுக்கு மாதம் 2,500 ஃபிராங்க் தருவதாக எழுதிக்கொடுத்தார். முப்பது வருஷம் கட்டினார். 1995-இல் அவர்தான் முதலில் போனார்! அவர் மனைவி தொடர்ந்து கட்டினார். பாட்டி 122 வயதில், 1997-இல்தான் கண்ணை மூடினார். வீட்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்ததாம். கணக்கு தெரிந்த நொத்தேருக்கே இந்தக் கதி என்றால் நான் எந்த மூலைக்கு?

மற்றபடி காரியம் ஒழுங்காக நடந்தது. முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் பத்து நாள் அவகாசம் உண்டு. காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று விலகலாம். அந்தப் பத்து நாளும் நான் தூங்கவில்லை. தினமும் ராத்திரி வேண்டாம் என்று முடிவெடுத்து, காலையில் காபி குடித்ததும் மாற்றிக்கொள்வேன். பணம் முழுவதும் வங்கி வழியாக நொத்தேர் கணக்குக்குத்தான் போகிறது. கருப்பு எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்ற பேச்சே இல்லை. விற்பவருக்கு ஒரு நொத்தேர், நமக்கு ஒரு நொத்தேர் என்று வைத்துக்கொண்டாலும் செலவு கூடாது. ஒரே கட்டணத்தை அவர்கள் பிரித்துக்கொள்வார்கள். நொத்தேர் செலவு என்று பெயர் சொல்லி ஏழெட்டு சதவீதம் வாங்குகிறார்கள். அதில் பெரும்பகுதி வரிதான்.

குறை இல்லாமல் இல்லை. ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வைக்க வேண்டுமென்றால் கட்டடத்தின் வீட்டு உரிமையாளர்கள் கூட்டத்தில் வாக்கெடுப்பு வேண்டும். கீழ்வீட்டுக்காரர்களுக்கு என்ன அக்கறை? மேலே துத்தநாகத் தகடு. ஜூலையில் நம் ஊர்க் கத்திரிதான். ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை போடும் ஆற்றல் மதிப்பீட்டில் ‘எஃப்’ வாங்கிய வீடு இது. ‘ஜி’ வீடுகளை 2025 முதலே புதிதாக வாடகைக்கு விட முடியாது, ‘எஃப்’ 2028-இல் அந்தப் பட்டியலில் சேரும். அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன். நாங்கள் வாடகைக்கு விடப்போவதில்லையே.

உன் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட பில்டர் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். உனக்கு வரும் பங்கு சுவருக்கு உள்ளே எத்தனை அடி என்று எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதேடா. முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? அதை நினைத்தால்தான் உன்னை இங்கே கூப்பிடத் தயக்கம். நாலாவது மாடித் திருப்பத்தில் உட்கார அகலமாக ஒரு ஜன்னல் திண்டு இருக்கிறது. நானே தினமும் அங்கே உட்கார்ந்துதான் ஏறுகிறேன். அக்டோபரில் வா, வெயில் இருக்காது.

கோபுரம் தெரியாது. எதிரே ரயில் தண்டவாளம்தான். ராத்திரியில் மட்டும் கோபுரத்தின் உச்சி விளக்கின் வெளிச்சம் வானத்தில் சுற்றி வந்து எங்கள் கூரைக்கு மேலே போகும். கமலா அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜன்னலைச் சாத்துவாள்.

அன்புடன்,
ராஜா