செட்டில்மெண்ட் வேண்டாம்டா, உயில் எழுதியாச்சு

கண்ணா,

போன ஞாயித்துக்கிழமை ஃபோன்ல "வீட்டை இப்பவே எங்க ரெண்டு பேர் பேர்லயும் செட்டில்மெண்ட் எழுதிடலாமேம்மா, பின்னாடி அலைச்சல் இருக்காதுன்னு என் ஃப்ரெண்டு சொன்னான்"னு சொன்னல்ல, நான் பாக்கலாம்டான்னு சொல்லி வச்சிட்டேன். கோவம்லாம் இல்ல. இதை ஃபோன்ல பேசினா நீ ஒண்ணு சொல்லுவ நான் ஒண்ணு சொல்லுவேன், நடுவுல லைன் கட்டாகும், ரெண்டு பேரும் அரைகுறையா புரிஞ்சிக்கிட்டு மனசுல வச்சிக்குவோம். அதான் டைப் பண்றேன், நிதானமா படி.

விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். செட்டில்மெண்ட், அதான் உயிரோட இருக்கும்போதே சொத்தை எழுதிக் குடுத்துடற பத்திரம், எழுதப் போறதில்ல. உயில் எழுதி ரிஜிஸ்டரும் பண்ணியாச்சு. உன்கிட்டயும் சொல்லல, அக்காகிட்டயும் சொல்லல, வேணும்னேதான் சொல்லல. காரணத்துக்கு அப்புறம் வரேன்.

அப்பா போனப்புறம் இந்த வீட்டுப் பேப்பருக்காக நடந்த கூத்து உனக்கு முழுசா தெரியாது, நீ அப்பதான் அங்க வேலைல சேர்ந்திருந்த, உன்னை ஏன் கொழப்பணும்னு கையெழுத்து மட்டும் வாங்கிக்கிட்டோம். உயில் எழுதுங்கன்னு சொன்னா உங்கப்பா "என்ன ராஜ்ஜியமா இருக்கு, ஒரே ஒரு வீடு, உனக்குத்தானடி வரும்"ம்பாரு. அப்படி வராதுடா. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆம்பளை ஒருத்தர் உயில் இல்லாம போனா பொண்டாட்டி, பையன், பொண்ணு, அப்புறம் அவரோட அம்மா, எல்லாருக்கும் சம பங்கு. அப்பத்தா அப்போ உயிரோட இருந்தாங்க, அதனால வீடு நாலு பங்காச்சு. நாங்க பட்டா மாத்த ஓடிட்டிருக்கும்போதே அப்பத்தாவும் போய்ச் சேந்துட்டாங்க. அவங்க கால் பங்கு என்னாகும்? பெரியப்பாவுக்கு ஒரு பாகம், அத்தைக்கு ஒரு பாகம், உங்கப்பா இடத்துல நீயும் அக்காவும் சேர்ந்து ஒரு பாகம். நானும் அப்பாவும் லோன் கட்டி எழுப்பின வீட்ல பன்னெண்டுல ஒரு பங்கு பெரியப்பாவுக்கு, இன்னொண்ணு அத்தைக்கு, கேட்டுக்கோ!

பங்கை எனக்கு விட்டுக் குடுக்கிற விடுதலைப் பத்திரத்தை அத்தை படிக்கக்கூட இல்ல, எங்க கையெழுத்துன்னு கேட்டு போட்டுட்டு போயிட்டாங்க. பெரியப்பா படிச்சு பாத்துட்டு சொல்றேன்னு வாங்கி வச்சிக்கிட்டாரு. தப்பா எதுவும் கேக்கல, கடைசில போட்டும் குடுத்தாரு, ஆனா அந்த பேப்பர் அவர் வீட்ல இருந்த வரைக்கும் அவங்க வீட்டு விசேஷத்துக்குப் போனாக்கூட எனக்கு சரியா பேச்சு வரல. இவ்வளவு நாள் சொந்தம், ஒரு பேப்பரால அப்படி ஒரு சங்கடம். நீயும் அக்காவும் கூட உங்க பங்கை எனக்கு விட்டுக் குடுத்து இப்ப வீடு முழுசா என் பேர்ல இருக்கு. அதனாலதான் எழுதுற உரிமையும் எனக்கு முழுசா இருக்கு. பூர்வீக சொத்தா இருந்தா என் பங்கை மட்டும்தான் எழுத முடியும்.

சரி, செட்டில்மெண்டுக்கு வரேன். உன் ஃப்ரெண்டு சொன்னது பொய்யில்ல. செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர் ஆன அன்னிக்கே சொத்து மாறிடும், பட்டா உடனே மாத்திக்கலாம், நான் போனப்புறம் உயில் செல்லுமா செல்லாதான்னு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. உங்க ரெண்டு பேர் பக்கத்துலேருந்து பாத்தா அதுதான் ஈஸி. என் பக்கத்துலேருந்து பாரு. செட்டில்மெண்ட் போட்டுட்டா மனசு மாறினா நானா ரத்து பண்ண முடியாது. உயிலை சாகுற வரைக்கும் எத்தனை தடவை வேணா மாத்தலாம், கிழிச்சு போடலாம், கடைசியா எழுதினதுதான் செல்லும்.

உன்னை நம்பலையான்னு கேப்ப. உன்னை நம்பறேன்டா. ஆனா நாளைக்கு உனக்கு பிசினஸ்ல கடன் வந்து பேங்க்காரன் உன் பேர்ல இருக்கிற சொத்தை அட்டாச் பண்ணா? சொல்ல வாய் கூசுது, எனக்கு முன்னாடி உனக்கு ஏதாவது ஆனா? உன் பங்கு உன் வாரிசுங்களுக்குப் போயிடும், அப்ப நான் என் வீட்ல யார் தயவுல இருக்கணும்? ஆயுள்கால அனுபவ உரிமையை வச்சிக்கிட்டு செட்டில்மெண்ட் எழுதலாம்னும் வக்கீல் சொன்னாரு, அது ஓரளவுக்கு நல்ல வழிதான், ஆனா அவசரத்துக்கு நானா விக்கணும்னா முடியாது. எனக்கு பெரிய வைத்தியச் செலவு வந்தா இந்த வீடுதான் என் இன்சூரன்ஸ்.

என்கூட காலைல நடக்க வர்றவங்கள்ல ஒருத்தங்க வீட்டை பையனுக்கு எழுதிக் குடுத்துட்டு இப்ப அதே வீட்ல மாடி ரூம்ல இருக்காங்க, முட்டி வலியோட படி ஏறி இறங்கறாங்க. அவங்களுக்காகத்தான் நான் அந்த பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தையே எடுத்துப் படிச்சேன். 2007ல வந்தது, மொத்தமே 32 பிரிவுதான், ஒரு மத்தியானத்துல படிச்சிடலாம். 60 வயசு தாண்டினவங்க யாரா இருந்தாலும் தன்னைத் தானே பாத்துக்க முடியலைன்னா பசங்க மேல ஆர்டிஓ, அதான் வருவாய் கோட்டாட்சியர், கிட்ட மனு குடுக்கலாம், பையன் பொண்ணுன்னு பேதம் இல்ல, வளர்ந்த பேரன் பேத்தி மேலயும் குடுக்கலாம். நோட்டீஸ் போய் 90 நாளுக்குள்ள முடிக்கணும், ரொம்ப அவசியம்னா இன்னொரு 30 நாள். வக்கீல் வச்சு வாதாட முடியாதுன்னு சட்டத்துலயே இருக்கு. மாசம் அதிகபட்சம் 10,000 ரூபா வரைக்கும்தான் ஆர்டர் போடலாம், 2007ல போட்ட அதே 10,000, இன்னிக்கு மருந்துக்கே பத்தாது, அதை ஏன் இன்னும் மாத்தாம வச்சிருக்காங்களோ. தீர்ப்பு சரியில்லைன்னா 60 நாளுக்குள்ள கலெக்டர் கிட்ட அப்பீல் போகலாம். வயசானவங்களை எங்கயாவது விட்டுட்டு வந்துட்டா 3 மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 5,000 அபராதம், ரெண்டுமே கூட போடலாம்.

அதுல முக்கியமானது 23ஆம் பிரிவு. என்னை பாத்துக்கணும்ங்கிற கண்டிஷனோட சொத்தை எழுதிக் குடுத்து, வாங்கினவங்க பாத்துக்கலைன்னா அந்த பத்திரத்தை ரத்து பண்ணலாம். நல்லா கவனி, கண்டிஷனோட. அந்தம்மா பத்திரத்துல "அன்பின் காரணமாக"ன்னு மட்டும்தான் இருக்கு, கண்டிஷன்னு தனியா ஒரு வரி கிடையாது. 2022ல சுப்ரீம் கோர்ட் அப்படி ஒரு கண்டிஷன் இருந்ததுன்னு காட்டணும்னு சொல்லிடுச்சு. 2025 ஜனவரில அதே கோர்ட் இன்னொரு கேஸ்ல, இது பெரியவங்களுக்காக வந்த சட்டம், தாராளமா அர்த்தம் பண்ணணும், காலி பண்ணி வீட்டை திருப்பிக் குடுன்னு கூட இந்த மனுவை விசாரிக்கிற ட்ரிப்யூனல் சொல்லலாம்னு சொல்லிச்சு. ஆக அந்தம்மாவுக்கு வழி இருக்கு. ஆனா அவங்க மனு குடுக்க மாட்டாங்க, "என் புள்ள மேல எப்படிங்க"ன்றாங்க. நான் 14567 நம்பர் குடுத்துட்டு வந்தேன், பெரியவங்களுக்கான ஹெல்ப்லைன், காசு கிடையாது. கூப்பிட்டாங்களான்னு கேக்கல. உரிமை சட்டத்துல இருந்து என்ன, பெத்த மனசு ஆர்டிஓ ஆபீஸ் படி ஏறணுமே. அந்த நிலைமைக்கே போகாம இருக்கிறதுதான் எனக்கு சரின்னு பட்டுச்சு.

இப்ப ஏன் உங்ககிட்ட சொல்லாம பண்ணேன்னு சொல்றேன். உயிலால லாபம் அடையறவங்களே முன்ன நின்னு எழுத வச்சாங்கன்னா கோர்ட் அதை சந்தேகமாத்தான் பாக்கும், இது 1958லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. நீ டிராஃப்ட் அனுப்பி அக்கா என்னை ஆட்டோல கூட்டிட்டு போயிருந்தீங்கன்னா உங்களுக்கேதான் நாளைக்கு பிரச்சினை. அதனால நானே வக்கீலைப் பாத்து, நானே போனேன். வெத்துப் பேப்பர்ல எழுதினாலும் உயில் செல்லும், ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்ல, ரிஜிஸ்டர் பண்றதும் கட்டாயம் இல்ல, நான் ஒரு பாதுகாப்புக்குத்தான் பண்ணேன். ரெண்டு சாட்சி மட்டும் கண்டிப்பா வேணும், நான் கையெழுத்து போடறதை அவங்க பாக்கணும். சாட்சிக்கு என் வயசுக்காரங்களை வேணும்னே கூப்பிடல. நாளைக்கு கோர்ட்ல ஒரு சாட்சியாவது வந்து சொல்லணும், அவங்களும் எனக்கு முன்னாடியே கிளம்பிட்டா என்ன பண்றது? ரெண்டு பேருமே நாப்பதைத் தாண்டாதவங்க, சொத்துல ஒரு பைசா வராதவங்க.

புத்தி தெளிவா இருக்குன்னு டாக்டர் சர்டிபிகேட்டும் வாங்கினேன். அவரு சும்மா எழுதிக் குடுத்துடுவாருன்னு நெனச்சா, இன்னிக்கு என்ன தேதின்னு கேட்டாரு, மூணு பொருள் பேர் சொல்லி ஞாபகம் வச்சிக்கோங்கன்னாரு, 100லேருந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னாரு. 93, 86, 79 வரைக்கும் சடசடன்னு வந்துடுச்சு, அடுத்ததுக்கு ஒரு நிமிஷம் நின்னுட்டேன், அவரு என் முகத்தையே பாக்குறாரு. 72ன்னு சொன்னதும் போதும்மான்னு சிரிச்சாரு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அந்தளவுக்கு கேள்வி இல்ல, நீங்களா விருப்பப்பட்டு எழுதறதான்னு கேட்டாங்க, ஆமான்னேன், கைரேகை ஃபோட்டோ எடுத்தாங்க, அவ்ளோதான்.

என்ன எழுதியிருக்கேன்னு நான் போனப்புறம் தெரிஞ்சா போதும்னு வக்கீல் சொன்னாரு. எனக்கு அது பிடிக்கல. வீடு உனக்கும் அக்காவுக்கும் பாதிப் பாதி. பிரிக்கிறது கஷ்டம்னு தெரியும், வித்து பங்கு போட்டுக்கங்க, இல்ல ஒருத்தர் இன்னொருத்தர் பங்கை வாங்கிக்கங்க, அதுவும் எழுதியிருக்கேன். நகை பேத்திங்களுக்கு, எது யாருக்குன்னு லிஸ்ட் இருக்கு. பேங்க் டெபாசிட் முழுக்க அக்காவுக்கு. இது உனக்கு சுருக்குன்னு படலாம். ஆஸ்பத்திரி வரிசைல நிக்கிறதும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன் எடுக்கிறதும் அவதான், நீ பணம் அனுப்பற, அவ நேரம் குடுக்குறா, அதுக்கு நான் குடுக்க முடிஞ்சது இதுதான். ஏன் சமமா குடுக்கலைங்கிற காரணத்தையும் உயில்லயே ரெண்டு வரி எழுதிட்டேன், அவ சொல்லிக் குடுத்து எழுதினதுன்னு யாரும் பேசக் கூடாது. உங்கள்ல யாராவது எனக்கு முன்னாடி போயிட்டா அந்தப் பங்கு அவங்க பசங்களுக்கு. இதுல சொல்ல மறந்தது எதுவா இருந்தாலும் ரெண்டு பேருக்கும் சமமா. நிறைவேத்தி வைக்கிறவரா உன் மாமா பையனைப் போட்டிருக்கேன், அவன் சரின்னுட்டான்.

நாமினி விஷயம் ஒண்ணு. டெபாசிட்ல உன் பேர்தான் நாமினியா இருந்துச்சு, அதையும் அக்கா பேருக்கு மாத்திட்டேன். நாமினின்னா பேங்க்லேருந்து பணத்தை வாங்கிக்கிற ஆள், பணத்துக்கு உரிமைக்காரர் உயில்ல இருக்கிறவங்கதான், இருந்தாலும் உயில்ல ஒரு பேரு பேங்க்ல ஒரு பேருன்னு இருந்தா அண்ணன் தம்பியே அடிச்சிக்கிறாங்க. உன் அக்கவுண்டையும் பாத்துக்கோ, இப்ப நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம். கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்ச அக்கவுண்ட்ல இன்னும் உங்கப்பா பேரே கூட இருக்கலாம்.

இன்னொரு பேப்பரும் எழுதியிருக்கேன், லிவிங் வில்லுன்னு சொல்றது. 2018ல சுப்ரீம் கோர்ட் அனுமதிச்சது, அப்போ மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து வேணும்னு இருந்துச்சு, 2023ல ரெண்டு சாட்சியும் நோட்டரியும் இருந்தா போதும்னு லேசாக்கிட்டாங்க. இனி திரும்பி வரவே வாய்ப்பில்லைங்கிற நிலைமைல மெஷின்ல போட்டு இழுத்துக்கிட்டே இருக்க வேண்டாம்னு எழுதியிருக்கேன். டாக்டருங்க ரெண்டு குழுவா பாத்து முடிவு பண்ணுவாங்க, உங்க தலைல மட்டும் விழாது. எனக்கு பதிலா பேசறவங்களா உங்க ரெண்டு பேர் பேரையும் போட்டிருக்கேன். இதுக்கு மட்டும் உன்னோட சம்மதம் வேணும், நீ முடியாதுன்னா இப்பவே சொல்லு, உன் பேரை எடுத்துடறேன், ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். அன்னிக்கு ஐசியு வாசல்ல அக்காவும் நீயும் மோதிக்கிறதை விட இது மேல்.

ஒரிஜினல் உயில், மூலப்பத்திரம், விடுதலைப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பேங்க் லாக்கர்ல. நகல் அக்காகிட்ட கவர்ல ஒட்டிக் குடுத்திருக்கேன், உனக்கு ஒண்ணு ரிஜிஸ்டர் தபால்ல வருது. பாஸ்வேர்டு எதுவும் உயில்ல இல்ல, நான் போனப்புறம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல யார் கேட்டாலும் நகல் வாங்கலாம், அதனால அதை தனியா வச்சிருக்கேன்.

உனக்கும் மருமகளுக்கும் நாப்பது வயசு வரப்போகுது, ஃப்ளாட்டு லோன்ல இருக்கு, ரெண்டு பேரும் ஒரே கார்ல போறீங்க வரீங்க. உனக்கு ஏதாவது ஆனா உன் சொத்துல எனக்கும் ஒரு பங்கு வரும், அம்மான்னா வாரிசு, அப்பத்தா கதைதான் திரும்பவும். எனக்கு அது வேண்டாம். மருமகளுக்கும் குழந்தைங்களுக்கும்னு தெளிவா எழுதிடு. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஆகிப்போனா குழந்தைங்களை யார் வளக்கணும்னு உயில்லயே கார்டியன் பேர் போடலாம், சட்டத்துல இடம் இருக்கு, மருமககிட்ட பேசி முடிவு பண்ணு. என் பேரை மட்டும் போட்டுடாத, எனக்கு வயசாச்சு. அடுத்த தடவை லீவுல வரும்போது அந்த வக்கீலை ஒருநாள் பாத்துட்டு வா, நம்பர் அனுப்பறேன்.

அம்மா