வேடியப்பனுக்கு எந்த ஆகமம்?

தருமபுரி
ஆடி மாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் சூட்டியது அறிந்து வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. இங்கே மழை ஏமாற்றுகிறது. கர்நாடகத்தில் பெய்த மழையால் ஒகேனக்கல்லில் மட்டும் வெள்ளம் புரண்டு, பரிசல் ஓட்டுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் நீதிமன்றத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். ஆலோசனை கேட்டு வருகிறவர்களை மட்டும் வீட்டில் பார்க்கிறேன்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்குத்தான் நீண்ட பதில் எழுத வேண்டியிருக்கிறது. நம் சமயம் ஆதி முதல் ஆகமப்படி, அதாவது கோயிலுக்கும் பூசைக்கும் விதி சொல்லும் நூல்களின்படி, நடந்து வந்தது, மதத்தைத் தொடக் கூடாது என்று அரசியல் சட்டமே சொல்கிறது, அப்படியும் அரசும் நீதிமன்றமும் தலையிடுகின்றன என்று வருந்தியிருந்தாய். நீ சொன்ன இரண்டையும் நான் ஏற்கவில்லை.

இதே கேள்வியோடு பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிலர் என்னிடம் வந்தார்கள். ஊர் எல்லையில் புளியமரத்தடியில் அவர்களுடைய ஊர்த் தெய்வமான வேடியப்பன் இருக்கிறார். நம் பக்கத்து வேடியப்பன்கள் பலரைப் போல அவரும் ஒரு நடுகல்தான், செத்த வீரனின் நினைவாக நட்ட கல். கையில் வில்லோடு ஒரு வீரன், காலடியில் சிறு குடம், தலைக்கு மேல் பழந்தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் இரண்டு மூன்று வரி. ஆண்டுக்கொரு முறை கிடா வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். இப்போது ஊர் இளைஞர்கள் பணம் திரட்டிக் கருவறையும் கோபுரமும் கட்டி, அர்ச்சகரை அமர்த்திக் கும்பாபிஷேகம் செய்யப் போகிறார்கள். இனிமேல் கிடா கிடையாது. ‘ஆகமத்தில் பலி இல்லை, சட்டமும் அனுமதிக்காது’ என்று ஒரு தரப்பு சொல்ல, ‘பாட்டன் காலத்து வழக்கத்தை நிறுத்த நீ யார்’ என்று இன்னொரு தரப்பு எழுந்திருக்கிறது.

நாற்பது ஆண்டு வரலாறு கற்பித்தவன் நீ. எது பழையது என்று நீயே சொல். தகடூர் என்று அன்று பெயர் பெற்றிருந்த நம் தருமபுரியின் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவை பாடியது புறநானூற்றில் 232ஆம் பாட்டு. அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் நாரால் வடித்த கள்ளைப் படைக்கிறார்கள். நாடு முழுவதையும் கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்று கேட்டு அழுகிறாள். அந்தக் கல்லுக்கு முன்னால் கோபுரமும் இல்லை, புத்தகமும் இல்லை. ஊரின் மாட்டு மந்தையை மீட்கப் போராடிச் செத்தவனைத் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று கல்லில் பொறித்து வணங்கியது இந்த மண். நம் மாவட்டத்தில் கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய மிகப் பழைய வழிபாடுகளில் ஒன்று அது.

எதிர்த்தரப்பும் துள்ள வேண்டாம். பழந்தமிழர் சமயத்தில் வேள்வியின் வாடையே கிடையாது என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு 99ஆம் பாட்டைக் காட்ட வேண்டும். அதியமானின் முன்னோர் தேவர்களைப் போற்றினார்கள், வேள்வித் தீயில் ஆவுதி கொடுத்தார்கள், கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று அதே ஔவைதான் பாடுகிறாள். முன்னோர் ஆவுதி அளித்த குடியில் பிறந்தவனுக்குக் கள் படைக்கிறார்கள். பிற்பாடு நுளம்ப மன்னர்கள் காலத்தில் இதே தகடூரில் சமணப் பள்ளி எழுந்ததற்குக் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து ‘ஆதி சமயம்’ என்று நாட்டுகிறவர்கள், எந்தத் தரப்பானாலும், மற்றவற்றை மண்ணுக்குள் தள்ளுகிறார்கள்.

இனி சட்டம். மதத்தைத் தொடக் கூடாது என்று அரசியல் சட்டம் எங்கும் சொல்லவில்லை. 25ஆம் பிரிவின் தொடக்கமே, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டே மத உரிமை என்பதுதான். இந்து சமயப் பொதுக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் செய்யலாம் என்று அதே பிரிவு அனுமதிக்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அங்கே எந்தச் சாத்திரத்துக்கும் விலக்கு இல்லை.

எனக்கு வருத்தம் வேறிடத்தில். 1954இல் சிரூர் மட வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சமயத்தின் இன்றியமையாத பகுதி எது என்பதை அந்தச் சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்றது. அந்தச் சமயத்தாரை மதித்துச் சொன்னதுதான். நடைமுறையில் அது ‘நூலைக் கொண்டு வா’ என்று கேட்பதாக முடிந்தது. 1961இல் அஜ்மீர் தர்கா வழக்கில், மூடநம்பிக்கையிலிருந்து முளைத்த வழக்கம் சமயத்தின் இன்றியமையாத பகுதியாகாமல் போகலாம் என்றார்கள். மூடநம்பிக்கை எது என்பதையும் நீதிபதியே சொல்ல வேண்டியதாயிற்று. 1972இல் சேஷம்மாள் வழக்கில் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்தது செல்லும் என்ற நீதிமன்றம், ஆகமம் விதித்த தகுதியை மீறக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. நூல் உள்ளவனுக்கு இந்த உரைகல் ஒரு வாய்ப்பாவது தரும். வேடியப்பனுக்கு எந்த நூல்? அவர் பூசாரி எதைக் கொண்டுபோய் நீதிபதி முன் வைப்பார்? நீ நம்புவதையே நீதிமன்றமும் ஆராயாமல் நம்பிவிட்டது: சமயம் என்றால் ஏட்டில் இருப்பது.

எது மதம், எது மதமில்லை என்ற ஆராய்ச்சியே தேவைப்படாத ஒரு வழியை 1957இலேயே உச்ச நீதிமன்றம் காட்டியது. மூல்கி வேங்கடரமணர் கோயில் வழக்கு. கௌட சாரஸ்வதப் பிராமணர் கோயிலுக்கு 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் பொருந்துமா என்பது கேள்வி. கோயிலுக்குள் யார் வரலாம் என்பது ஆகமப்படி மத விஷயமே என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு, சில சடங்கு நேரங்களை மட்டும் அந்தச் சமூகத்தாருக்கு ஒதுக்கிவிட்டு, கோயில் எல்லாருக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்றது. ‘ஆம், இது உன் மதம்தான். இருந்தாலும் மனிதனை வாசலில் நிறுத்த முடியாது.’ எனக்கு இந்த நேர்மை பிடித்திருக்கிறது. வழக்கம் பழையதா, ஏட்டில் உள்ளதா என்று துருவுவதை விட்டு, அது யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்டால் போதும்.

ஊர்க்காரர்களிடமும் அதையே கேட்டேன். அதற்கு முன் கிடா பற்றிய சட்டத்தைச் சொன்னேன். பலியைத் தடுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் அரசு கடுமையாக அமல்படுத்தப் போய், கிராமங்கள் கொதித்து, 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. மதத்துக்கு வேண்டிய முறையில் விலங்கை வெட்டுவது குற்றமாகாது என்று 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் சொல்கிறது. ஆகவே கிடா வேண்டுமா வேண்டாமா என்பதை ஊரே கூடிப் பேசி முடிவு செய்யட்டும். கருணையால் விடுகிறவர்களை நான் மதிக்கிறேன். ‘கீழான வழிபாடு’ என்று கூசி விடுவதைத்தான் தாங்க முடியவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இன்று மரத்தடியில் நிற்கும் கல்லுக்குக் காலனியிலிருந்து வரும் பெண்ணும் தன் கையால் எண்ணெய் வார்க்கிறாள். முன்பெல்லாம் எல்லாம் சமமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் மரியாதைக்காக மண்டை உடைந்த ஊர்தான் அது. ஆனாலும் கல்லைத் தொட யாருக்கும் தடை இருந்ததில்லை. நாளைக்குச் சுவர் எழுந்து, கதவும் பூட்டும் வந்துவிட்டால் சாவி யாரிடம் இருக்கும்? அவள் எங்கே நிற்பாள்? இதைக் கேட்டதும் வந்தவர்களில் இருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்கள். கட்டட வேலை தொடங்குவதற்கு முன் ஊர்க்கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்று அந்த இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நானும் போகிறேன்.

உன்னிடம் ஒரு உதவி. கல்லின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத்தின் மேல் வண்ணம் பூசியிருப்பதால் முதல் வரி சரியாகத் தெரியவில்லை. இரண்டாவது வரியில் ‘தொறு’ என்று இருப்பதாக எனக்குப் படுகிறது. வட்டெழுத்து உனக்குப் பழக்கம், படித்துச் சொல். அந்த வீரனின் பெயர் கிடைத்தால் கூட்டத்தில் படித்துக் காட்டுவேன். ஆடி முடிவதற்குள் பதில் எழுது. முடிந்தால் நீயே புறப்பட்டு வா.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்