மூடியை முதலில் கழற்று

வெள்ளவத்தை
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ அனுப்பின படத்தை அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெருப்பித்துப் பார்த்தேன். கனடாவில் நீ பிள்ளை பார்க்கிற அந்த நிலக்கீழ் அறை முழுக்க விளையாட்டுச் சாமான். ஒரு மூலையில் நீலப் பெட்டிகள் ஒன்றுக்கு மேல் ஒன்று. நடுவில் பெரிய மரப் பெட்டகம். கொட்டிக் கிடக்கிற குவியலுக்கு நடுவே பேரன் வயலுக்குள் இறங்கின கொக்கு மாதிரி ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். “இவ்வளவு இருந்தும் ஒன்றோடும் விளையாடுகினம் இல்லை அம்மா, கொட்டுறதும் அழுறதும்தான்” என்று சொல்லியிருந்தாய். போனில் சொன்னால் நடுவில் யாராவது ஒரு பிள்ளை கத்தும், உன் பக்கத்தில் இல்லாவிட்டால் என் பக்கத்தில். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒரு பிழையும் இல்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவன் கொட்டித்தான் பார்ப்பான். கைப்பைக்குள் திறப்பைக் காணாவிட்டால் நாங்களும் கடைசியில் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டுகிறோம்தானே. நீலப் பெட்டியில் ‘ப்ளொக்ஸ்’ என்று ஆங்கிலத்தில் வடிவாக எழுதி ஒட்டியிருக்கிறாய். அந்த எழுத்து உனக்கும் மருமகனுக்கும் மட்டும்தான் உதவும்.

என் முன்கூடத்தில் இப்போது நான் பகலில் பார்க்கிற பிள்ளைகள் ஆறு பேர். சாமான் ஒரு ஐம்பது வகை வரும், ஆனால் வெளியே இருப்பது எட்டுத்தான். மொறட்டுவையில் சொல்லிச் செய்வித்த இரண்டடி உயரத் தட்டு ஒன்றை உனக்குக் காட்டினேனே, கதவில்லாதது, அதில்தான் அந்த எட்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு சாண் இடம் விட்டு வைப்பேன். நெருக்கி அடுக்கினால் பிள்ளைக்கு அது கடைச் சாமான் மாதிரி, ஒன்றும் கண்ணில் படாது. மிச்சம் எல்லாம் சாமான் அறையில். ஞாயிறு இரவில் எட்டில் மூன்றை மட்டும் மாற்றுவேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் திங்கள் காலையில் வேறு யாரோ வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி முழிப்பார்கள்.

முந்தி ஒரு தடவை நீயே எனக்கு ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாய், மறந்துவிட்டாயா? அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தார் செய்தது, 2018இல் வந்தது. ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரையான 36 பிள்ளைகளை ஒரு தடவை 4 சாமானோடும் இன்னொரு தடவை 16 சாமானோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். நாலு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் கூட நேரம் இருந்தார்கள், அதையே விதம் விதமாக வைத்தும் விளையாடினார்கள். நீ அதை எனக்குச் சொன்னபோது, இதைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகம் வேண்டுமா என்று சிரித்தேன். இப்போது உன் நிலக்கீழ் அறையைப் பார்த்தால், வேண்டும் போலத்தான் இருக்கிறது.

ஆனால் குறைத்து வைத்தால் மட்டும் போதாது. அப்படி நிறுத்தினால் எதை விளையாடுவது என்று முடிவெடுப்பது நீதான், பிள்ளை இல்லை. உள்ளே பூட்டி வைத்ததையும் பிள்ளை நினைத்துக் கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதற்கு நான் செய்தது ஒரு படக்கொத்து.

ஒவ்வொரு பெட்டியையும் இறக்கி, அதற்குள் இருப்பதை வெள்ளைப் படுக்கை விரிப்பில் பரப்பி, மேலே நின்று படம் எடுத்தேன். கீறின படம் வேண்டாம், கடைப் பெட்டியில் அச்சடித்த படமும் வேண்டாம். உன் வீட்டுச் சிவப்புக் கார், முன்சில்லு இல்லாத அதே கார், படத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் காலி வீதியில் ஒரு ஸ்டூடியோவில் இரண்டு இரண்டு பிரதி எடுத்து, லமினேட் பண்ணினேன். ஒரு பிரதி பெட்டியின் முன்பக்கத்தில், பிள்ளையின் கண் உயரத்தில். மற்றதில் ஓட்டை போட்டுத் திறப்பு வளையத்தில் கோத்தேன். பிள்ளை வளையத்தைப் புரட்டிப் பார்த்து ஒன்றைக் கொண்டுவந்து தரும், நான் அந்தப் பெட்டியை இறக்கிக் கொடுப்பேன். விளையாடி முடிந்தால் படத்தைப் பார்த்து அதிலேயே திரும்பப் போட வேண்டும். ஒன்று வந்தால் ஒன்று உள்ளே போகும், அதுதான் சட்டம்.

முதல் கிழமை படுதோல்வி. இருபது படத்தை ஒரே வளையத்தில் கோத்துக் கொடுத்துவிட்டேன். படங்களே விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டன. ஒருத்தி அதைக் கைப்பை மாதிரி மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள், இன்னொருவன் ஐஸ்கிறீம் படம் என்று நினைத்து நக்கினான். பிறகு ஆறு படம் ஆக்கினேன். இரண்டு வயதுக்காரருக்கு வளையமே வேண்டாம், இரண்டு படத்தைக் கையில் பிடித்து “இதுவா, அதுவா” என்று கேட்டால் போதும். அதிலும் சின்னதென்றால் படம் விளங்காது. ஒன்பது மாதக் குழந்தை படத்தில் இருக்கிற பந்தை நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்க்கும், நீயே கவனித்திருப்பாய். அவர்களுக்கு நான் படத்துக்குப் பதிலாகச் சாமானிலேயே ஒன்றைப் பெட்டிக்கு வெளியே கட்டி விடுவேன். மரக்கட்டைப் பெட்டியில் ஒரு மரக்கட்டை தொங்கும்.

இந்தப் படக்கொத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது ஒரு பொடியனால். இரண்டரை வயதில் வந்தான், ஒரு சொல்லும் பேச மாட்டான். தாய் தமிழ், தகப்பன் சிங்களம், வீட்டில் இங்கிலிஷும் போகிறது. நான் மூன்றிலும் கேட்டுப் பார்த்தேன். சாமான் அறைக் கதவடியில் நின்று என் சேலையைப் பிடித்து இழுப்பான், கத்துவான். நான் கார் பெட்டியை இறக்குவேன், தள்ளிவிடுவான். ரயில், லொறி, பந்து, எல்லாம் தள்ளுப்படும். படக்கொத்து வந்த இரண்டாம் நாள், ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு போனவன் ஓரிடத்தில் நின்று, அந்தப் படத்தை என் மடியில் வைத்து அமர்த்தினான். பூட்டும் திறப்பும்! அப்பாவின் பழைய ஆமைப்பூட்டுகள் நாலைந்தை ஒரு கடகத்தில் போட்டு வைத்திருந்தேன், பெரிய பிள்ளைகளுக்கு என்று. பொடியன்தானே என்று நான் அவ்வளவு நாளும் சில்லு வைத்த சாமானாகவே நீட்டியிருக்கிறேன்.

மூன்று கிழமை அதையேதான் கேட்டான். ‘இன்றைக்கு வேறு ஏதாவது’ என்று எனக்கு வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் தாய் வந்து அலுமாரித் திறப்பைக் காணவில்லை, வீடு முழுக்கத் தேடியாயிற்று என்றாள். கடகத்தைக் கவிழ்த்தோம். அதற்குள் இருந்தது.

உன்னிடம் வருகிற பிள்ளைகளிலும் ஒன்று தமிழ், ஒன்று சீன மொழி, ஒன்று ஸ்பானிய மொழி என்றாய். படத்துக்கு மொழி தேவையில்லை, அங்கே இது இன்னும் உதவும்.

இங்கே பின்னேரம் நாலரை மணிபோல் கடற்கரை ஓரமாக ரயில் போகும். சத்தம் கேட்டதும் ஆறு பேரும் யன்னலுக்கு ஓடுவார்கள். அது போன அடுத்த நிமிடம் ஆறு பேருக்கும் ரயில் பெட்டிதான் வேண்டும். ஒரு படத்தை இரண்டு பேர் இழுத்தால் என்ன செய்வது என்று நீ கேட்பாய். சின்னவர்களுக்குப் பகிர்ந்து விளையாடு என்று பாடம் எடுத்து மினக்கெடாதே, ஒரே சாமானில் இரண்டு வாங்கி வை. புறக்கோட்டையில் நான் எதையும் சோடியாகத்தான் வாங்குவேன். மூன்று வயதுக்கு மேலே என்றால் ‘அடுத்தது நீ’ என்று சொல்லி, அந்தப் படத்தையே காத்திருக்கிறவன் கையில் கொடுத்து விடு. கையில் படம் இருந்தால் பொறுத்திருப்பான். வெறும் வாக்கு என்றால் இரண்டு நிமிடம் தாங்காது.

கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்வது, அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இரண்டு படத்தைக் காட்டிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணு. நாங்கள் மூன்று எண்ணுமுன் ‘இதைத்தானே குஞ்சு எடுக்கப் போறாய்’ என்று ஒன்றைத் திணித்து விடுகிறோம். பிள்ளையின் கண் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போய்த் திரும்பி வர நேரம் எடுக்கும்.

இங்கே பாலர் பள்ளி எல்லாவற்றையும் மொண்டிசோரி என்றுதானே சொல்வோம், பெயர்ப் பலகையில் மட்டும் இருக்கிற மொண்டிசோரியும் அதில் சேர்த்தி. அந்த முறையை உண்டாக்கின மரியா மொண்டிசோரி அம்மையாரே 1944இல் இலங்கைக்கு வந்து, முதல் மூன்று வயதைப் பற்றி 30 விரிவுரைகள் செய்திருக்கிறார். பிள்ளைக்கு எட்டுகிற தாழ்ந்த தட்டில் சாமானை வைத்து, அதுவே எடுக்கட்டும் என்று விடுவது அவர் வழிதான். எனக்கு அதை யாரும் பயிற்சியில் சொல்லித் தரவில்லை. உன்னிடம் செய்த பிழையில்தான் விளங்கியது.

1995 ஐப்பசி. உனக்கு நாலு வயது. யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போகிறார்கள், மழை, அப்பா சைக்கிளில் அரிசியைக் கட்டுகிறார். நான் உன்னிடம் “ஒரே ஒரு சாமான்தான், கெதியாக எடு” என்றேன். நீ குசினிக்குள் ஓடிப்போய்க் கறிச்சட்டியின் அலுமினிய மூடியைக் கொண்டுவந்தாய், நீ பஸ் ஓட்டி விளையாடுகிற மூடி. “விசரா உனக்கு” என்று அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, மாமா பிரான்சிலிருந்து அனுப்பின கண் மூடித் திறக்கிற பொம்மையை உன் கையில் தந்தேன். நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரி போகும் வரை நீ அதை ஒரு காலில் பிடித்துத் தலைகீழாக இழுத்துக்கொண்டே வந்தாய். அழுத அழுகை எல்லாம் மூடிக்குத்தான். அந்த மூடி அரை றாத்தலும் இராது. ஒன்றும் கேட்காமல் பொம்மையைத் தந்திருந்தால்கூட நீ அவ்வளவு அழுதிருக்க மாட்டாய். எடு என்று சொன்னேன், நீ எடுத்தாய், நான் மாற்றினேன்.

அதனால் நீ கொடுக்க ஆயத்தமில்லாத ஒன்றின் படத்தை வளையத்தில் வைக்காதே. இங்கே தண்ணீர் வெட்டு நாளில் தண்ணீர் விளையாட்டுப் படத்தைக் காலையிலேயே கழற்றி விடுவேன். நித்திரை நேரத்தில் தட்டுக்கு ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டு மூடினால் ‘கடை பூட்டு’ என்று அவர்களுக்கே விளங்கும்.

பெட்டி எதுவும் சரிதான், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் என்றால் நல்லது. இங்கே உப்புக் காற்றில் கார் அச்சு துருப்பிடிக்கும், புதிர்க் கட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். உனக்கு அந்தக் கரைச்சல் இல்லை. வாய் வைத்த சாமானுக்கு ஒரு தனி வாளி வை, கழுவிக் காயாமல் திரும்பத் தட்டுக்குப் போகக் கூடாது.

உரிமம் இல்லாமல் பார்த்தால் ஒன்ராறியோவில் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் 5 பேருக்கு மேல் கூடாது, அதிலும் 2 வயதுக்குக் குறைந்தவர்கள் 3 பேருக்கு மேல் கூடாது என்று நீ சொன்னாய். அந்த மூன்று பேருக்காகவும் ஒரு வேலை செய். மலசலகூடக் கடதாசி முடிந்ததும் நடுவில் மிஞ்சுகிற மட்டைக் குழாயை எடுத்துவை. அதற்குள் போகிற எந்தச் சாமானும், கழன்று வரக்கூடிய துண்டும், மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியது. அதை மேல் தட்டுக்கு ஏற்று. பாட்டுப் பாடுகிற சாமானில் பொத்தான் மாதிரிப் பற்றரி இருந்தால், திருகாணி போட்ட மூடி இல்லாததை வீட்டிலேயே வைக்காதே. விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் பொசுக்கிவிடும், பார்த்துக்கொண்டு இருக்கிற விஷயம் இல்லை. உயரத் தட்டுகளைச் சுவரோடு சேர்த்து இறுக்கு, ஏறாத பிள்ளை என்று ஒன்று கிடையாது.

கடைசியாக அந்த மரப் பெட்டகம். பார்க்க வடிவுதான், யாரோ ஆசையாகத் தந்திருப்பார்கள். ஆனால் பாரமான மூடி விரலிலோ கழுத்திலோ விழும், ஒளித்துப் பிடித்து விளையாடுகிறபோது உள்ளே ஏறிப் படுத்தும் விடுவார்கள். அதோடு, மூடி போட்ட பெட்டகத்துக்குள் இருக்கிற எதையும் எந்தப் பிள்ளையும் தெரிந்தெடுக்க முடியாது. மருமகன் வேலையால் வந்ததும் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரையும் கையில் கொடு, இன்றைக்கே கழற்றட்டும். மூடியை எறிந்துவிடாதே. நாலு குட்டிக் கால் பூட்டினால் பிள்ளைகளுக்கு மேசை ஆகும்.

அம்மா