மளிகைச் சீட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்பாடியில் 26 வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் ஞாயிறு இணைப்பில் 'கொழுப்பைக் கரைக்கும் உணவுகள்' என்று பட்டியல் வந்தால், திங்கட்கிழமை காலையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். "ஓட்ஸ் இருக்குதாண்ணா?", "சியா விதை வருமா?" என்று நாலு பேராவது கேட்பார்கள். போன முறை கேழ்வரகு, நாட்டுச்சர்க்கரை, செக்கு எண்ணெய் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் வந்தார்கள். வியாபாரம் நடக்கிறதே, அப்புறம் என்ன குறை என்று கேட்பீர்கள். எந்தப் பட்டியலிலும் அளவு இல்லை, அதுதான் குறை.

எடை போடுவதே என் பிழைப்பு. என்னை மட்டும் எடை போட்டுப் பார்த்ததில்லை. போன வருடம் ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஏறி நின்றேன், 84 கிலோ. இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினாலே வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிட்டது என்று கணக்காம். அன்றோடு பிரியாணியை விட்டேன். ஆம்பூரில் சம்பந்தி வீடு, மாதம் ஒரு தடவை சீரகச் சம்பா பிரியாணி தவறாது. அங்கே போய் ரசம் சோறு கேட்டு, சம்பந்தியம்மாவின் முகம் வாடியதுதான் மிச்சம். மூன்று மாதத்தில் ஒரு கிலோகூட இறங்கவில்லை.

பிறகுதான் கல்லாவுக்கு வரும் டீயை எண்ணினேன். நாளைக்கு ஆறு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம் வைத்தாலும் 60 கிராம் ஆகிறது. ஒரு ராத்திரி கடை மூடும்போது அந்த ஒரு மாதச் சர்க்கரையைத் தராசில் போட்டேன். 1 கிலோ 800 கிராம். பொட்டலம் கட்டி மேசைமேல் வைத்துவிட்டு, ஷட்டரை இறக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆளுக்கு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிஸ்கட், லட்டு, ஆற்காடு மக்கன் பேடா எல்லாம் அந்த 25-க்குள் அடக்கம். நாட்டுச்சர்க்கரைக்கு மாறினால் தப்பிக்கலாமா? கிராமுக்கு ஏறக்குறைய அதே 4 கலோரிதான். அதில்தான் எனக்கு லாபம் அதிகம், இருந்தாலும் சொல்கிறேன்.

எண்ணெய்க் கதை இதைவிடப் பெரியது. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. செக்கு எண்ணெய்க்கு மாறிய வீடுகளில் 'நல்ல எண்ணெய்தானே' என்று கை தாராளமாகிவிடுகிறது, சீட்டில் ஒரு லிட்டர் கூடுகிறது. 2,000 கலோரி சாப்பாட்டுக்கு ஒரு ஆளுக்கு நாளைக்கு 27 கிராம் எண்ணெய் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் வருகிறது. என் கடையில் நாலு பேர் வீட்டுச் சீட்டில் ஐந்து லிட்டர் சர்வசாதாரணம். ரேஷனில் வாங்கும் பாமாயில் ஒரு லிட்டரையும் கடைவீதி பஜ்ஜியையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

காய்கறி சாப்பிடச் சொல்கிறீர்கள், சரி. நம் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் கத்தரிக்காய் பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிக்கும். எங்கள் வீட்டில் இப்போது முதலில் ஆவியில் வேகவைத்து, பிறகு ஒரு ஸ்பூன் எண்ணெயில் பிரட்டுகிறார்கள். ருசி கொஞ்சம் குறைவுதான், பொய் சொல்ல மாட்டேன்.

களி விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். 100 கிராம் அரிசியில் 350 கலோரி என்றால் கேழ்வரகில் 320. வித்தியாசம் அவ்வளவுதான். நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கேழ்வரகில் மிக அதிகம், பசியும் தாங்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் 'களிதானே' என்று மூன்று உருண்டை சாப்பிட்டால் இளைக்க முடியாது. என் அப்பா மூன்று உருண்டை சாப்பிட்டார் என்றால், அவர் நாள் முழுக்க மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்தவர். நான் முழுக்க உட்கார்ந்தே இருப்பவன்.

மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், நானே ஏமாந்தேன். பஜ்ஜிக்குப் பதிலாக அதைக் கொறிக்க ஆரம்பித்தேன். மூட்டை கைக்கெட்டும் தூரத்தில், கை சும்மா இருக்குமா? பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு என்று பிற்பாடு தெரிந்தது. இப்போது காலையிலேயே ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவில் வைத்துக்கொள்கிறேன். சாயங்காலம் கொண்டைக்கடலை சுண்டல். டீ மூன்று, அரை ஸ்பூன் சர்க்கரையோடு. எட்டு மாதத்தில் 78 கிலோவுக்கு வந்திருக்கிறேன். ஆம்பூர் பிரியாணி பழையபடி மாதம் ஒரு தடவை, ஒரே தட்டு.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை உணவின் பெயரோடு நிறுத்தாமல், நாலு பேர் வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர், எத்தனை கிலோ, எத்தனை கரண்டி என்று போடுங்கள். அதை வெட்டிக் கடை வாசலில் ஒட்ட நான் தயார். இன்னொன்று, போன தடவை தருவித்த ஓட்ஸில் 11 பாக்கெட் தேதி முடியும் நிலையில் கிடக்கிறது. தயவுசெய்து உடனே கினோவா என்று எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.