வழக்குச் செலவு யார் தலையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுக்கு எதிராக ரிட் மனு (உரிமை பறிபோனதாக உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) போடுவது பலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது, அதனால் மக்கள் பணம் வீணாகிறது என்று சென்ற வாரத் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்களில் நானும் ஒருவன். அதனால் கொஞ்சம் பேச அனுமதிக்க வேண்டும்.

எங்கள் நிலத்தின் முன்பக்கத்தில் ஒரு துண்டைச் சாலை அகலப்படுத்துவதற்காக எடுத்துக்கொண்டார்கள். நோட்டீஸ் இல்லை, ஆர்ஜிதம் இல்லை, இழப்பீடும் இல்லை. ஒரு நாள் காலை ஜேசிபி வந்தது, அவ்வளவுதான். சொத்துரிமை 1978இல் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து போய்விட்டாலும், சட்டப்படி அல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 300ஏ பிரிவு இன்றும் சொல்கிறது. உங்களுக்குத் தெரியாததா? மனு மேல் மனுவாகக் கொடுத்து அலுத்த பிறகுதான் உயர் நீதிமன்றத்துக்குப் போனேன்.

எதிர்மனு தாக்கல் செய்யவே அரசுத் தரப்பு அவகாசம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாய்தாவுக்கு வாய்தா என் வக்கீலுக்கு நான் கொடுத்தேன். அரசு வக்கீலுக்கு அரசு கொடுத்தது. அதிலும் என் வரி இருக்கிறது. கடைசியில் ஜெயித்தேன். மனு அனுமதிக்கப்படுகிறது, செலவுத்தொகை இல்லை என்று முடிந்தது தீர்ப்பு. அதாவது, என் வழக்குச் செலவைத் தோற்ற அரசு தர வேண்டியதில்லை. அவர்கள் அப்பீல் போய் அங்கும் தோற்றார்கள். அங்கும் செலவுத்தொகை இல்லை. அப்புறம் உத்தரவை நிறைவேற்ற வைக்க அவமதிப்பு வழக்கு வேறு போட வேண்டியிருந்தது. வந்த இழப்பீட்டில் வக்கீல் கட்டணம், டைப்பிங், நகல், ரயில் டிக்கெட் எல்லாம் போக மிஞ்சியதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். இலவச சட்ட உதவி இருக்கிறதே என்பீர்கள். பென்ஷன் வாங்குகிறவனுக்கு வருமான வரம்பு இடிக்கிறது.

தோற்றவர்தான் செலவைத் தர வேண்டும், அப்படி உத்தரவிடாவிட்டால் நீதிமன்றம் காரணத்தை எழுத வேண்டும் என்று சிவில் வழக்குகளுக்கான உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் ரிட் மனுவுக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. வரப்புத் தகராறில் ஜெயித்தவனுக்கு இருக்கும் விதி, அரசியல் சாசன உரிமைக்காக ஜெயித்தவனுக்கு இல்லை! பெயருக்கு ஒரு தொகை போடாமல், நியாயமாக ஆன செலவைத் தர வேண்டும் என்று சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2005இல். அதன் பிறகும் சாதாரண வழக்கில் பொய் வாதம் செய்தவரிடமிருந்து அதே நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவில் இழப்பீடாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 3,000 ரூபாய். 2015இல் வணிக நீதிமன்றச் சட்டம் கொண்டுவந்தபோது மட்டும், பெரிய வியாபார வழக்குகளுக்கு அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், தோற்றவர் செலவைத் தருவதே பொது விதி என்றும் தெளிவாக எழுதினார்கள். முதலாளிகளின் கஷ்டம் அரசுக்குச் சீக்கிரம் புரிகிறது.

அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிவில் உரிமை வழக்கில் ஜெயித்தவருக்கு எதிர்த்தரப்பிடமிருந்து நியாயமான வக்கீல் கட்டணத்தை நீதிமன்றம் வாங்கித் தரலாம். அதைவிடத் தென்னாப்பிரிக்கா எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே பயோவாட்ச் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் 2009இல் ஒரு பொது விதியைச் சொன்னது: குடிமகன் ஜெயித்தால் செலவை அரசு தர வேண்டும், தோற்றால் அரசின் செலவை அவன் தலையில் கட்டக் கூடாது, அவரவர் செலவு அவரவருடையது. அற்பமான வழக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. நீங்கள் சொல்லும் பொழுதுபோக்குக்காரர்களுக்கும் அதிலேயே வழி இருக்கிறது, பார்த்தீர்களா?

இதையெல்லாம் எழுதாத உங்கள் பத்திரிகை, ‘அரசுக்கு நீதிமன்றம் குட்டு’, ‘நீதிபதி சரமாரி கேள்வி’ என்று எட்டுப் பத்தி அகலத்துக்குத் தலைப்புப் போடுகிறது. குட்டு வாங்கிய எந்த அதிகாரியின் சம்பளத்திலாவது ஒரு ரூபாய் குறைந்ததா என்று உங்கள் நிருபர் என்றைக்காவது விசாரித்ததுண்டா? நிலம் எடுப்பு பற்றிப் போன வருடம் நான் எழுதிய நீண்ட கடிதத்தை இரண்டு வரியாக வெட்டிப் பிரசுரித்தீர்கள். அதே பக்கத்துக்கு எதிரே அரசின் சாதனை விளம்பரம் முழுப் பக்கம். இடப் பற்றாக்குறை, புரிகிறது.

தலையங்கத்துக்கு மறுப்பு வெளியிடச் சொல்லி நான் கேட்கவில்லை. அரசு தோற்ற வழக்குகளின் செய்தியைப் போடும்போது, மனுதாரருக்குச் செலவுத்தொகை கிடைத்ததா, கிடைத்தால் எவ்வளவு என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதற்கு நிறைய இடம் தேவைப்படாது. பெரும்பாலும் ‘இல்லை’ என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்