ஸ்கோர் போனது ஆறாவது ஃப்ரேமில்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பௌலிங் ஸ்கோர் ஷீட் வெள்ளிக்கிழமை காலை வந்து சேர்ந்தது. உனக்கு அங்கே அது இன்னும் வியாழன் ராத்திரி. இரண்டாவது ஆட்டம் 199, கீழே அழுகிற பொம்மை, "ஒரே ஒரு பின் ப்பா" என்று ஒரு வரி. ஒரு பின்னில் 200 கைநழுவியது என்று நீ நினைக்கிறாய். ஷீட்டை நிதானமாகப் பார்த்தால் அது வேறு கதை சொல்கிறது. ஃபோனில் எழுதினால் மேலே போய்விடும், நீ திரும்பப் படிக்க மாட்டாய். அதனால்தான் கடிதம்.

ஒரு ஆட்டத்துக்குப் பத்து ஃப்ரேம், ஒவ்வொன்றிலும் பத்துப் பின்னை வீழ்த்த இரண்டு பந்து. முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக், மிச்சத்தை இரண்டாவதில் எடுத்தால் ஸ்பேர். முதல் ஐந்து ஃப்ரேமும் உனக்கு ஸ்ட்ரைக். ஆறில் ஒன்பது விழுந்து வலது மூலையில் பத்தாம் எண் பின் நின்றது, அதை விட்டாய். ஏழில் எட்டு விழுந்தது, நாலாம், ஏழாம் எண் பின்கள் (4-7) நின்றன, அதை எடுத்துவிட்டாய். எட்டில் ஏழு விழுந்து 3-6-10 நின்றது, அதில் ஒன்றுதான் விழுந்தது. ஒன்பதில் நான்காம் பின் தனியாக நின்றது, அதையும் விட்டாய். பத்தில் ஒன்பது, ஸ்பேர், அதற்குக் கிடைத்த கூடுதல் பந்தில் எட்டு. கூட்டினால் 199.

இப்போது ஆறாவது ஃப்ரேமில் அந்தப் பத்தாம் பின்னை மட்டும் எடுத்ததாக வைத்துக்கொள். ஸ்ட்ரைக்குக்கு அடுத்த இரண்டு பந்தும், ஸ்பேருக்கு அடுத்த ஒரு பந்தும் சேர்த்து எண்ணுவார்கள் இல்லையா, அதனால் ஐந்தாவது ஃப்ரேமுக்கு ஒன்று கூடும், ஆறாவதுக்கு ஒன்பது கூடும். 209. உன் பெஸ்ட் 207. அங்கேயே தாண்டியிருப்பாய். ஒன்பதாவதில் அந்த நாலாம் பின்னையும் எடுத்திருந்தால் 219. எட்டையும் சேர்த்தால் 230. இதில் ஒரு ஸ்ட்ரைக்கூட நான் கூடுதலாகப் போடவில்லை, கவனி. உன் கையில் ஏற்கெனவே இருந்த ஸ்ட்ரைக்குகள் அவ்வளவுதான். நம் தெரு காரம் போர்டில் ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ போடாமல் விட்டால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும் இல்லையா, ஐந்து ஸ்ட்ரைக் போட்டுவிட்டு ஆறில் ஓப்பன் விடுவதும், அதாவது இரண்டு பந்துக்கும் பின் மிச்சம் நிற்பதும், அதேதான்.

ஆட்டத்துக்குச் சராசரி 158 எடுக்கிறவர்கள் எல்லாருமே பெரிய ஸ்கோர் என்றால் ஸ்ட்ரைக் என்று நினைக்கிறார்கள். ஒரு ஸ்ட்ரைக்கூட இல்லாமல், பத்து ஃப்ரேமிலும் ஒன்பது விழுந்து ஸ்பேர் எடுத்து, கடைசிப் பந்திலும் ஒன்பது போட்டால் 190 வரும். இதை உன் லீக்கில் யாரிடமாவது சொல்லிப் பார், பாதிப் பேர் நம்பமாட்டார்கள், பேப்பரில் கூட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

சரி, ஆறில் என்ன நடந்தது? ஐந்து ஸ்ட்ரைக் வரிசையாக விழுந்ததும் கூட ஆடுகிறவர்கள் கை தட்டுவார்கள், மேலே இருக்கிற திரை இன்னும் எவ்வளவு வரை போகலாம் என்று கணக்குக் காட்டும், மனசு உடனே கூட்டத் தொடங்கும். கூட்டுகிற மனசுக்குப் பந்து போடத் தெரியாது. உடம்பில் அது இறங்குகிற வரிசையையும் சொல்கிறேன். முதலில் கால் வேகமாகும். அப்ரோச்சில், அதாவது பந்து போடுமுன் நடந்து வருகிற தளத்தில், நாலு அடி நடக்கிறவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது அடி ஓட்டமாகிவிடும். கால் முன்னால் போய்விட, கை பின்தங்கும். பின்தங்கிய கையைக் கூட்டி வர தோள் இழுக்கும், பந்து உடம்புக்குக் குறுக்கே இடது பக்கம் போகும். அதே நேரத்தில் பிடியும் இறுகும், கட்டைவிரல் துளையிலிருந்து சரியான நேரத்துக்கு வெளியே வராது. பத்தாம் பின் மாதிரி ஓரத்துப் பின் என்றால் இன்னொன்றும் சேரும்: பந்து உருளும் பாதையின் ஓரப் பள்ளத்தில் (கட்டரில்) விழுந்துவிடுமோ என்ற பயத்தில் கை ஒடுங்கி, பந்தை வீசாமல் வைக்கப் பார்க்கும்.

இதற்கு "டென்ஷன் ஆகாதே" என்று சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. கைக்கு ஒரு வேலை, கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் ஒரே வரிசை, ஸ்ட்ரைக்குக்கும் ஸ்பேருக்கும் மாற்றமில்லாமல். பந்து திரும்பி வந்ததும், லேனில் (பந்து உருளும் பாதையில்) பூசியிருந்து அதில் ஒட்டிய எண்ணெயைத் துணியால் துடை, முழுச் சுற்றும். துடைக்கிறபோதே முடிவெடுத்துவிடு: தரைப் பலகைகளில் எதில் கால், லேனில் வரைந்த அம்புக்குறிகளில் எதன் மேல் பந்து. அப்ரோச்சில் ஏறிய பிறகு முடிவை மாற்றக் கூடாது. மாற்றத் தோன்றினால் இறங்கிவிடு, மறுபடி துடை, மறுபடி ஏறு. யாரும் உன்னைத் திட்டமாட்டார்கள். ஏறினதும் இடது காலின் உள்விளிம்பைத் தரையில் உள்ள புள்ளியோடு சரிபார், பந்தின் துளைகளில் விரல்கள் முதலில், கட்டைவிரல் கடைசியில். மூக்கால் மூச்சை இழு, இழுத்ததைவிட நீளமாக வாயால் விடு. விட்டு முடிகிற இடத்தில் கண்ணை அம்புக்குறியில் நிறுத்து. மனசுக்குள் ஒரே ஒரு சொல், "மெதுவா" என்று வைத்துக்கொள்ளலாம், அதைச் சொல்லி முதல் அடி எடு. முதல் அடி மெதுவாகப் போனால் மீதி அடிகள் தானாக அளவுக்கு வந்துவிடும்.

அதில் முக்கியமானது கண். பந்து அம்புக்குறியைத் தாண்டுகிற வரை கண் அங்கேதான் இருக்க வேண்டும். அம்புக்குறிகள் கால் தாண்டக் கூடாத ஃபவுல் லைனிலிருந்து பன்னிரண்டு முதல் பதினாறு அடிக்குள் இருக்கின்றன, பின்கள் அறுபது அடியில். நிறையப் பேர் கையை விடும்போதே அறுபதடிக்குப் பார்வையைத் தூக்கிவிடுகிறார்கள், தலை தூக்கும்போது தோளும் தூக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், பந்து எங்கே தாண்டியது என்றே தெரியாமல் போய்விடுகிறது. அது தெரியாமல் அடுத்த பந்துக்கு எப்படி முடிவெடுப்பாய்?

உன் ஷீட்டிலேயே பார். 4-7, பிறகு 3-6-10, பிறகு நாலாம் பின். வலது கைக்காரர்களுக்கு இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே காரணத்தால் நிற்கும்: பந்து முதல், மூன்றாம் பின்களுக்கு நடுவே உள்ள 1-3 பாக்கெட்டுக்குள் போகாமல் முதல் பின்னின் மூக்கிலோ அதற்கும் இடதிலோ அடித்திருக்கிறது. லீக்கில் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் லேன் மாறுவதால் ஏழாவதும் ஒன்பதாவதும் ஒரு லேன், எட்டாவது பக்கத்து லேன். இரண்டு லேனிலும் ஒரே தப்பு என்றால் தற்செயல் இல்லை. காரணம் இரண்டில் ஒன்று. பந்து உன் அம்புக்குறிக்கு இடது பக்கமாகத் தாண்டியிருந்தால் கை இழுத்திருக்கிறது, அவசரம். நிற்கிற இடத்தை மாற்றாதே, காலை மெதுவாக்கு. குறி வைத்த அம்பு மேலேயே தாண்டியும் இடது பக்கம் வளைந்திருந்தால் லேன் மாறியிருக்கிறது. இரண்டு அணியும் சேர்ந்து அதே தடத்தில் உருட்டி உருட்டி இரண்டாவது ஆட்டத்தின் பாதியில் அங்கே எண்ணெய் தேய்ந்துபோயிருக்கும், பந்து முன்கூட்டியே பிடித்து வளையும். அப்போது கால் இரண்டு பலகை இடது, குறி ஒரு பலகை இடது. போதாவிட்டால் இன்னொரு முறை அதே இரண்டு-ஒன்று. முதல் மூக்கடியிலேயே நகர வேண்டியதில்லை, ஆனால் கை சரியாகப் போட்டு இரண்டாவது முறையும் மூக்கில் அடித்தால் யோசிக்காமல் நகர்.

நீ நகரவில்லை என்று நினைக்கிறேன். ஐந்து ஸ்ட்ரைக் விழுந்த இடத்தை விட்டு நகர மனசு வராது, அதிர்ஷ்டம் அங்கேயே இருப்பதாகத் தோன்றும். கவனம் என்று நான் சொல்வது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதை இல்லை. பந்து எந்தப் பலகை மேல் போனது, பின்னை எங்கே அடித்தது என்று பார்ப்பதுதான். அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனசுக்கு 207-ஐ நினைக்க நேரம் இருக்காது.

நன்றாகப் போட்டும் பின் நிற்கும், அதையும் மனசில் வை. டெக்சாஸில் பிளேனோ என்ற ஊரில் 2010 ஜனவரியில் ஒரு லீக் ராத்திரி பில் ஃபாங் என்பவர் 300, 300, 299 போட்டார். மூன்று ஆட்டத்தின் உச்சமான 900-க்கு ஒரு பின் குறைவு. கடைசிப் பந்து, பத்தாம் பின் நின்றது. முப்பத்தாறாவது பந்துக்கே அப்படி என்றால், உன் ஆறாவது பந்துக்கு நின்ற பத்தாம் பின்னுக்காக முகத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்பேர் பந்தைப் போடப் போவதில் அர்த்தமில்லை.

அந்தப் பத்தாம் பின்னுக்குப் பிளாஸ்டிக் பந்தைத்தான் எடு. வளைகிற பந்தால் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், உனக்கு இப்போது வேண்டாம். பிளாஸ்டிக் பந்து எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேராகப் போகும், ஒரு கவலை குறையும். இடது ஓரமாக நின்று, நடு அம்பை ஒட்டிக் குறுக்கே போடு, தோளைப் பத்தாம் பின்னை நோக்கித் திருப்பி வை. நடக்கிறதும் அந்தக் கோட்டிலேயே. இடது பக்கப் பின்களுக்கு ஸ்ட்ரைக் போடுகிற அதே பந்து, அதே குறி. கால் மட்டும் வலது பக்கம் நகரும். இரண்டாம் பின்னுக்கு மூன்று பலகை, நாலாம் பின்னுக்கு ஆறு, ஏழாம் பின்னுக்கு ஒன்பது. எங்கேயிருந்து எண்ணுவது என்றால் அந்த நேரத்தில் ஸ்ட்ரைக்குக்கு நீ நிற்க வேண்டிய இடத்திலிருந்து. ஒன்பதாவது ஃப்ரேமில் நாலாம் பின்னை விட்டதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: லேன் மாறியிருக்க, நீ பழைய இடத்திலிருந்தே எண்ணியிருப்பாய்.

பிராக்டிஸுக்குப் போகும் நாளில் ஒரு ஏற்பாடு செய். பத்தாம் பின்னை வரிசையாக மூன்று முறை எடுத்தால்தான் வீட்டுக்கு. மூன்றாவதை விட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். அந்த மூன்றாவது பந்துக்கு நெஞ்சு அடிக்கும் பார், லீக்கில் ஆறாவது ஃப்ரேமில் அடித்த அதே அடி. அதைக் காசில்லாமல் பழகிக்கொள்ளலாம், லேன் வாடகை தவிர. பத்தாம் பின்னை மட்டும் நிறுத்தித் தர அங்கே வசதி இல்லையென்றால் பத்துப் பின்னும் நிற்கும்போதே அதை மட்டும் குறிவை, மற்றவை விழாமல் அது மட்டும் விழுந்தால் கணக்கு.

காத்திருக்கிற நேரத்தைப் பற்றி. அணியில் நாலு பேர், எதிரணியில் நாலு பேர். உன் முறை வருவதற்குள் பல நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் கவனமாக இருக்க யாராலும் முடியாது, முயற்சி செய்தால் மூன்றாவது ஆட்டத்தில் களைத்துவிடுவாய். பேசு, சிரி, தண்ணீர் குடி. ஃபோன் மட்டும் பையில் இருக்கட்டும். உனக்கு முன்னால் ஆடுகிறவர் எழுந்ததும் பேச்சை நிறுத்து, துணியைக் கையில் எடு. துணி கைக்கு வந்தால் வேலை தொடங்கியாயிற்று என்று பழக்கப்படுத்து. பந்து போட்டுத் திரும்பும்போது, நல்லதோ கெட்டதோ, துணியைக் கீழே வைக்கிற வரைதான் அதைப் பற்றி நினைக்கலாம்.

மனசு என்று நாம் பழி போடுவதில் பாதி கட்டைவிரல். ஆட ஆடக் கை சூடாகி விரல் உப்பும், துளை இறுகும், பந்து கையை விடாது. ஏசி குளிரில் ஆடத் தொடங்கும்போது அதுவே சுருங்கித் தொளதொளவென்று இருக்கும், பந்து விழுந்துவிடுமோ என்று உன்னையறியாமல் நெரிப்பாய். அதற்குத்தான் துளைக்குள் ஒட்டுகிற டேப். தொடக்கத்தில் ஒரு துண்டு கூடுதலாக ஒட்டு, விரல் உப்பியதும் ஒன்றை உரித்துவிடு. லீக் தொடங்குமுன் கொடுக்கிற பத்து நிமிடத்தில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் இரண்டு லேனிலும் சில பந்து, ஓரத்துப் பின்களுக்கு ஒன்றிரண்டு. அந்த நேரத்தில் ஸ்ட்ரைக் விழுகிறதா என்று பார்க்காதே, பாக்கெட்டுக்கு எந்தப் பலகை வழியாகப் போகிறது என்று பார். கழிவறைக்குப் போனால் ஷூவுக்கு உறை போட்டுக்கொள், அடிப்பாகம் ஈரமானால் கடைசி அடியில் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும், முட்டி போய்விடும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதே.

பத்தாவது ஃப்ரேமில் எல்லாரும் செய்கிற தப்பு பலமாகப் போடுவது. பலமாகப் போன பந்து வளைய நேரமில்லாமல் பாக்கெட்டுக்கு வலது பக்கம் போகும். அங்கே எதுவும் மாறவில்லை, அதே லேன், அதே பலகை. பத்தாவதில் மட்டும் பிடியை ஒரு மடங்கு தளர்த்தியே பிடி. இறுகத்தான் போகிறது, முன்கூட்டியே தளர்த்தினால் சரியாக வந்து நிற்கும்.

அடுத்த வியாழன் ஷீட்டோடு இன்னொன்றும் அனுப்பு. ஒவ்வொரு முதல் பந்துக்கும் அம்புக்குறியை எந்தப் பலகையில் தாண்டியது என்று ஒரு எண், பின்னை எங்கே அடித்தது என்று ஒரு சொல்: மூக்கு, பாக்கெட், வலது. மொத்த ஸ்கோரை எழுதாமல் அனுப்பினாலும் சரி, நான் கூட்டிக்கொள்கிறேன். இருபது பந்துக்கு எண் எழுத முடியவில்லை என்றால் கண்ணை இன்னும் சீக்கிரம் தூக்குகிறாய் என்று தெரிந்துகொள்ளலாம்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அம்மா வடகம் போட்டுக் காயவைத்திருக்கிறாள், நவம்பரில் வருகிறவர் யாராவது இருந்தால் கொடுத்தனுப்பலாம் என்கிறாள். பார்சலில் எவ்வளவு எடை வரை விடுவார்கள் என்று எழுது.

அன்புடன்,
அப்பா